சண்டை பிட்ச்சில்தான் தொடங்குகிறது

நாங்கள் நடத்தும் வார இறுதி கிரிக்கெட் லீக் தொடங்கிய இரண்டாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பாதியில் நின்றது. மழை இல்லை, வெளிச்சத்துக்கும் குறைவில்லை. இரண்டு அணியும் நடு மைதானத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள், ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த பையன் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு யாருக்கோ காத்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தான். நடந்தது இதுதான். முதல் இன்னிங்ஸின் ஆறாவது ஓவரில், சாதாரண லெங்த்தில், அதாவது பந்து வழக்கமாகத் தரையில் குத்தும் தூரத்தில், விழுந்த ஒரு பந்து எழும்பி பேட்ஸ்மேனின் தோள்பட்டை எலும்பில் பட்டது. அவரால் அதற்கு மேல் ஆட முடியவில்லை. அவருடைய அணிக்கு, பவுலர் வேண்டுமென்றே செய்தார் என்று தோன்றிவிட்டது. அந்த அணி பந்து வீச வந்தபோது அவர்களுடைய வேகப்பந்து வீச்சாளர் ஓவருக்கு நான்கு பந்தைக் குத்திப் போட்டார். அப்புறம் ஸ்டம்புக்கு வந்த பந்தைக் காலால் மறைத்ததாக ஒரு எல்பிடபிள்யூ அப்பீல், பேட்டிங் அணியின் ஆளே அம்பயராக நின்றதால் அவர் தலையை ஆட்டி மறுத்தார், அவ்வளவுதான்.

அன்று இரவு இரண்டு கேப்டன்களுக்கும் ஒழுக்கத்தைப் பற்றி நீளமாக ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். மறுநாள் சாயங்காலம் ஸ்டம்ப் பெட்டியை எடுத்து வர மைதானத்துக்குப் போனவன், ஏதோ தோன்றி, பிட்ச்சின் மேல் விரித்திருந்த பாயை, அதாவது மேட்டை, சுருட்டிப் பார்த்தேன். சரியாக லெங்த் விழுகிற இடத்தில், கீழே இருந்த சிமென்ட் தளத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம், அதன் ஓரம் உடைந்து விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றது. விளிம்பில் பட்டால் பந்து மூஞ்சிக்கு வரும், பள்ளத்தில் விழுந்தால் கணுக்காலுக்கு உருளும். பவுலருக்கும் தெரியாது, பேட்ஸ்மேனுக்கும் தெரியாது. மைதானத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டிய எனக்கும் தெரியவில்லை. கடிதம் போக வேண்டிய முகவரி என்னுடையது.

அன்றிலிருந்து லீக் நடத்துவதைப் பற்றி எனக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான். வார இறுதியில் ஆட வருகிறவர்கள் நல்லவர்கள்தான். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, வீட்டில் சொல்லிவிட்டு, சொந்தக் காசைப் போட்டு வருகிறவன் ஏமாற்றுவதற்காக வருவதில்லை. மோசமான பிட்ச்சும், சொந்த அணிக்கே தீர்ப்புச் சொல்லும் அம்பயரும், பாதி எழுதாமல் விட்ட விதிகளும் சேர்ந்துதான் அவனை அந்த இடத்துக்குத் தள்ளுகின்றன. நேர்மையாக ஆடுங்கள் என்று சொல்லும் முன்னால், நேர்மையாக ஆட முடிகிற இடத்தை நாம் கொடுத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

முதலில் அளவுநாடா வாங்கினோம். கேட்பதற்குச் சின்ன விஷயமாக இருக்கும். ஆனால் எங்களிடம் இருந்த நான்கு மைதானங்களில் ஒன்றில் ஸ்டம்புக்கு ஸ்டம்ப் தூரம் கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. இருக்க வேண்டியது 22 கெஜம், அதாவது 20.12 மீட்டர். யாரோ ஒருமுறை நடந்து அளந்து சுண்ணாம்பு போட்டிருக்கிறார்கள், அதன் மேலேயே எல்லோரும் வருடக்கணக்காகப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். அந்த மைதானத்தில் மட்டும் வேகப்பந்து வீச்சாளர்கள் ஏன் இவ்வளவு விக்கெட் எடுக்கிறார்கள் என்று நாங்கள் விதவிதமாகக் காரணம் பேசிக்கொண்டிருந்தோம். பேட்ஸ்மேனின் எல்லைக் கோடான பாப்பிங் கிரீஸ் ஸ்டம்ப் கோட்டிலிருந்து 1.22 மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். அது ஒரு கை அளவு தவறிப்போனாலே நோபால், ரன் அவுட், ஸ்டம்பிங் மூன்றுமே தவறாகிவிடும், அம்பயர் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் பயனில்லை. கோடு அழிந்துபோன பிட்ச்சில் ரன் அவுட்டுக்காகச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. கோடு போடாதவன் மேல்தான் வருகிறது.

மேட் பிட்ச்சின் பிரச்சினை பெரும்பாலும் மேட்டுக்குக் கீழே இருக்கிறது. பள்ளத்தைக் கொத்திச் சுத்தம் செய்து, சிமென்ட் பூசி, காய்ந்த பிறகு நீளமான நேர்கட்டையை வைத்துப் பார்த்தால் எங்கே மேடு எங்கே தாழ்வு என்று தெரிந்துவிடும். மேட்டை இருபுறமும் ஒரே இழுப்பில் இழுத்து ஆணி அடிக்க வேண்டும். ஒரு பக்கம் தொய்ந்தால் சுருக்கம் விழும், சுருக்கத்தில் பட்ட பந்து திசை மாறும். இன்னிங்ஸ் இடைவேளையில் ஒருமுறை மறுபடி இழுத்துக் கட்டுவதை விதியாகவே எழுதிவிட்டோம், ஏனென்றால் இரண்டாவதாக ஆடுகிற அணிக்குத் தொய்ந்த மேட்டைக் கொடுப்பதும் அநியாயம்தான்.

களிமண் பிட்ச் வேறு உலகம், அதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு மூன்று வருடம் ஆனது, இன்னும் முடியவில்லை. எல்லோரும் செய்யும் தப்பு, ஆட்டத்தன்று காலையில் காய்ந்த பிட்ச் மேல் கனமான ரோலரை ஓட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. அது மேல்பரப்பைப் பளபளப்பாக்கும், உள்ளே ஒன்றும் நடக்காது. மண் இறுகுவது ஈரத்தோடு உருட்டும்போதுதான். நீர் ஆழமாக இறங்கும்படி சில நாள் முன்பே விட்டு, மேலே ஒட்டாத பதத்துக்கு வந்ததும் முதலில் லேசான ரோலர், மண் காயக் காயக் கனமானது. அதுவும் மெதுவாக, மனிதன் நடப்பதைவிட மெதுவாக. பதம் பார்க்க ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுவோம். கையில் ஒட்டினால் இன்னும் பொறுக்க வேண்டும், உதிர்ந்தால் நேரம் போய்விட்டது, உடையாமல் திரிபோல வந்தால் ரோலரை எடுக்கலாம். இன்னொன்று, பழுது பார்க்கும்போது கிடைத்த மண்ணையெல்லாம் கொண்டுவந்து கொட்டக் கூடாது. வேறு வேறு களிமண் வேறு வேறு அளவில் சுருங்கும், அதனால் அடுக்குகள் ஒன்றோடொன்று பிடிக்காமல் நடுவில் பிரிந்துகொள்ளும். அப்படிப்பட்ட பிட்ச்சில் பந்து எழும்பவே எழும்பாது. பவுலர்கள் கால் ஊன்றித் தோண்டிய குழியை ஆட்டம் முடிந்த அன்றே பெருக்கி, நனைத்து, அதே மண்ணால் நிரப்பித் தட்டிவிட வேண்டும். மறுவாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தக் குழியில் ஒருவருடைய கணுக்கால் திரும்பும்.

பெரிய ஆட்டங்களிலேயே இது நடந்திருக்கிறது. 1998 ஜனவரியில் ஜமைக்காவின் சபீனா பார்க்கில் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த டெஸ்ட் 10.1 ஓவரிலேயே கைவிடப்பட்டது, பேட்ஸ்மேன்கள் மேல் அடிமேல் அடி விழுந்ததால். 2009 டிசம்பரில் டெல்லியில் இந்தியா, இலங்கை ஒருநாள் ஆட்டமும் பிட்ச் ஆபத்தானது என்று பாதியில் நிறுத்தப்பட்டது. அதே வருடம் ஆன்டிகுவாவில் ஒரு டெஸ்ட் 10 பந்துகளோடு நின்றது. அங்கே பழுது பிட்ச்சில் இல்லை, பிட்ச்சைச் சுற்றியுள்ள மைதானமான அவுட்ஃபீல்டு மணலாக இருந்ததால் பவுலர்கள் ஓடிவரவே முடியவில்லை. இந்த மூன்றையும் நான் எங்கள் கேப்டன்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். சர்வதேச ஆட்டத்தையே நிறுத்தலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நிறுத்துவதில் வெட்கம் எதுவும் இல்லை. பிட்ச் ஆபத்தானது என்று இரண்டு அம்பயரும் சொன்னால் எங்கள் லீக்கில் ஆட்டம் அங்கேயே நிற்கும், இருவருக்கும் சம புள்ளி, யாரும் தோற்றவர் இல்லை.

அவுட்ஃபீல்டைப் பற்றி ஒரே வழக்கம்தான் கொண்டுவந்தோம். டாஸுக்கு முன் இரண்டு அணிகளின் 22 பேரும் கை நீட்டினால் தொடும் இடைவெளியில் வரிசையாக நின்று மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடக்க வேண்டும். கல், கண்ணாடித் துண்டு, குழி எல்லாம் கண்ணில் பட்டுவிடும். பத்து நிமிடம்கூட ஆகாது. எதிர்பாராமல் இன்னொன்றும் நடந்தது. பக்கத்தில் நடப்பவன் எதிரணிக்காரன், எனவே பேசிக்கொண்டே நடப்பார்கள். முழங்கால் ஆபரேஷன் எப்படி இருக்கிறது, மகளுக்குப் பரீட்சை முடிந்ததா என்று கேட்டவனிடம் ஒரு மணி நேரம் கழித்துக் கெட்ட வார்த்தை பேசுவது கஷ்டம்.

அடுத்தது அம்பயர். இதில்தான் நான் மிகவும் பிடிவாதமாக இருந்தேன். பேட்டிங் அணியிலிருந்து இரண்டு பேர் அம்பயராக நிற்பது எல்லா இடத்திலும் இருக்கும் வழக்கம், ஆள் கிடைக்காததால் வந்தது. ஆனால் அங்கே நிற்பவனை நினைத்துப் பாருங்கள். தன் கேப்டன் கால்காப்பில் வாங்குகிறார், மூன்று ஸ்டம்பும் மறைந்திருக்கிறது, எதிரணி அப்பீல் கேட்கிறது. விரலைத் தூக்கினால் திரும்பி பெவிலியனுக்கு வந்து அதே கேப்டன் பக்கத்தில் உட்கார வேண்டும். நேர்மையானவனைக்கூட அந்த இடத்தில் நிறுத்துவது கொடுமை. அதனாலேயே பல லீக்குகளில் எல்பிடபிள்யூவே வேண்டாம் என்று எடுத்துவிடுகிறார்கள், பேட்ஸ்மேன்களும் ஸ்டம்பை மறைத்துக் காலை நீட்டியே ஆடப் பழகிவிடுகிறார்கள், சுழற்பந்து வீச்சாளர்கள் பாவம், அவர்களுக்கு வேலையே இல்லாமல் போய்விடுகிறது.

சர்வதேச கிரிக்கெட்டும் வெகுகாலம் உள்நாட்டு அம்பயர்களை வைத்துத்தான் ஓடியது. ஒவ்வொரு தொடருக்குப் பிறகும் புகார். 1986-ல் மேற்கிந்தியத் தீவுகள் பாகிஸ்தானுக்கு வந்தபோது இம்ரான் கான் வலியுறுத்தியதால் இந்தியாவிலிருந்து வி.கே. ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் அம்பயர்களாக நின்றார்கள். தன் சொந்த ஊர் அம்பயர்களால் கிடைக்கும் சாதகம் தனக்கு வேண்டாம், ஜெயித்தால் யாரும் குறை சொல்லக் கூடாது என்று ஒரு கேப்டன் நினைத்ததை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

நாங்கள் செய்தது எளிய ஏற்பாடு. 12 அணி, ஒரு நாளில் நான்கு ஆட்டம், மீதி நான்கு அணிக்கு அன்று ஆட்டம் இல்லை. அந்த நான்கு அணியும் ஆளுக்கு இரண்டு அம்பயரைத் தர வேண்டும், சம்பந்தம் இல்லாத ஆட்டத்துக்கு. ஆள் வரவில்லை என்றால் அந்த அணிக்கு ஒரு புள்ளி குறையும், ஜெயித்த புள்ளியிலிருந்தே. முதல் மாதம் மூன்று அணிக்குப் புள்ளி குறைந்தது, கூச்சல் போட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் வராமல் இருந்ததில்லை. எல்பிடபிள்யூவைத் திரும்பக் கொண்டுவந்தோம். சீசனுக்கு முன் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து விதிப் புத்தகத்தை வாசித்தோம், இருபது வருடம் ஆடியவர்களுக்குக்கூடத் தெரியாதது எவ்வளவு என்று அப்போதுதான் தெரிந்தது. லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆன பந்துக்கு எல்பிடபிள்யூ இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அப்பீல் கேட்காவிட்டால், விதிப்படி அவுட்டான பேட்ஸ்மேனுக்கும் அம்பயர் தானாக அவுட் கொடுக்கக் கூடாது என்பது பாதிப் பேருக்குத் தெரியவில்லை. கேட்ச் பிடிக்கும்போது பேட்ஸ்மேன்கள் பாதி தூரம் கடந்திருந்தாலும், ஓவர் முடிந்திருந்தால் தவிர, புதிதாக வருபவர்தான் அடுத்த பந்தை எதிர்கொள்ள வேண்டும் என்று 2022-ல் மாறியது பலரை எட்டவே இல்லை.

அம்பயராக நின்று பார்த்தவன் அப்புறம் அம்பயரைத் திட்டுவதில்லை. இதை எந்தக் கடிதமும் செய்திருக்காது.

விதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். விதி எழுதும்போது, இதை யாராவது தப்பாகப் பயன்படுத்துவார்களா என்று கேட்டால் போதாது, ஒருவன் தன் அணிக்காக முழு மனதோடு யோசித்தால் இதில் எந்த வழி கிடைக்கும் என்று கேட்க வேண்டும். 1979-ல் இங்கிலாந்தின் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் கோப்பையில் சாமர்செட் அணி, வூஸ்டர்ஷயருக்கு எதிராக ஒரே ஓவர் ஆடி 1 ரன்னில் டிக்ளேர் செய்தது, அதாவது தன் இன்னிங்ஸைத் தானே முடித்துக்கொண்டது. தோற்றாலும் பந்துவீச்சுக் கணக்கு கெடாமல் இருந்தால் அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம். வூஸ்டர்ஷயர் 10 பந்தில் ஜெயித்தது. டிக்ளேர் செய்யக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் சாமர்செட்டைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள், அதற்குப் பிறகு விதியை மாற்றினார்கள். எங்களுக்கும் ஒருமுறை இதன் சாயல் வந்தது. அரையிறுதிக்கு ஏற்கெனவே போய்விட்ட ஒரு அணி, கடைசி லீக் ஆட்டத்தில் வேண்டுமென்றே மந்தமாக ஆடி, எதிரணியின் நெட் ரன் ரேட், அதாவது ஓவருக்கு அடித்த ரன்னிலிருந்து கொடுத்த ரன்னைக் கழித்த கணக்கு, உயரும்படி விட்டது, அரையிறுதியில் யாரைச் சந்திக்க வேண்டாம் என்று நினைத்தார்களோ அவர்கள் வெளியே போவதற்காக. அந்த இளைஞர்கள் மேல் எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் தண்டிக்க விதி இல்லை, இல்லாத விதியால் தண்டிக்கவும் நான் சம்மதிக்கவில்லை. அடுத்த வருடம் புள்ளி சமமானால் முதலில் அந்த இரண்டு அணிகளும் மோதிய ஆட்டத்தின் முடிவைப் பார்ப்பது, அதற்குப் பிறகே நெட் ரன் ரேட் என்று மாற்றினோம்.

நெட் ரன் ரேட்டையே பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். 20 ஓவர் ஆட்டத்தில் ஒரு அணி 15 ஓவரில் 100-க்கு ஆல் அவுட் ஆனால் வகுக்க வேண்டியது 15-ஆல் இல்லை, முழு 20-ஆல், ரேட் 5. இதை முதல் வருடம் தப்பாகப் போட்டு ஒரு அணியை மேலே ஏற்றிவிட்டோம், பிறகு திருத்தி மன்னிப்புக் கேட்டோம். புள்ளிப்பட்டியலை ஒருவர் மட்டும் போடக் கூடாது. இரண்டு ஸ்கோரர்கள் அடிக்கடி சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஸ்கோர் நோட்டுக்கு விதி இருப்பதைப்போல இதற்கும் இரண்டு பேர் வேண்டும்.

வெளியாள் பிரச்சினை எல்லா லீக்கிலும் இருக்கிறது. அரையிறுதி வந்ததும் திடீரென்று ஒரு உயரமான வேகப்பந்து வீச்சாளர் முளைப்பார், வருடம் முழுக்க ஆடிய பையன் தண்ணீர் கொண்டு போவான். சீசன் பாதிக்கு மேல் பதிவு இல்லை, லீக் சுற்றில் மூன்று ஆட்டமாவது ஆடாதவர் நாக்-அவுட்டில் ஆட முடியாது, முடிந்தது.

பந்து போடும் முன்பே பவுலர் முனையிலிருந்து கிளம்பிவிடுகிற பேட்ஸ்மேனை பவுலர் ரன் அவுட் செய்வதைப் பற்றி எங்கள் கூட்டங்களில் நடந்த விவாதம் எதற்கும் நடந்ததில்லை. என் கருத்து தெளிவானது. கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்சிசி 2022-ல் அதை நேர்மையற்ற ஆட்டம் என்ற விதியிலிருந்து எடுத்து ரன் அவுட் விதிக்குள் வைத்தது, அதுவே சரி. பந்து போடும் முன் கிளம்புகிறவர்தான் சலுகை எடுக்கிறார், பவுலரைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. 1987 உலகக் கோப்பையில் லாகூரில் கோர்ட்னி வால்ஷ் கடைசிப் பந்தில் சலீம் ஜாஃபரை அப்படி அவுட் ஆக்காமல் எச்சரித்து விட்டார், அணி தோற்றது, அரையிறுதிக்கும் போகவில்லை. வால்ஷ் செய்தது அவருடைய பெருந்தன்மை. ஆனால் ஒருவருடைய பெருந்தன்மையை எல்லோர் மேலும் கடமையாகச் சுமத்தக் கூடாது. எங்கள் லீக்கில் எச்சரிக்கை தேவையில்லை, விதியில் இருப்பதுதான். ஒருசில மூத்தவர்கள் இன்னும் என்னோடு ஒத்துப்போகவில்லை, அவர்களை நான் மதிக்கிறேன்.

அதே நேரம் அப்பீலைத் திரும்பப் பெறும் உரிமை கேப்டனுக்கு விதியிலேயே இருக்கிறது, அம்பயரின் சம்மதத்தோடு, அடுத்த பந்து ஆட்டத்துக்கு வரும் முன். 1980-ல் மும்பையில் நடந்த கோல்டன் ஜூபிலி டெஸ்டில் இந்தியக் கேப்டன் குண்டப்பா விஸ்வநாத், கேட்ச் என்று அவுட் கொடுக்கப்பட்ட இங்கிலாந்தின் பாப் டெய்லரைத் திரும்ப அழைத்தார். டெய்லர் 43 அடித்தார், போத்தமோடு சேர்ந்து 171 ரன் சேர்த்தார், இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. இதைக் கேட்டதும் ஒரு இளம் கேப்டன், அப்படியென்றால் அவர் செய்தது தப்பா என்று கேட்டார். நான் சொன்னேன், தோற்ற ஆட்டம் எத்தனையோ இருக்கிறது, இதை மட்டும் 45 வருடம் கழித்தும் நாம் ஏன் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று.

நடத்தை விதிகளுக்கு 2017-ல் எம்சிசி கொண்டுவந்த நான்கு நிலைகளை அப்படியே எடுத்துக்கொண்டோம். லேசான தவறுக்கு முதலில் எச்சரிக்கை, மீண்டும் நடந்தால் 5 பெனால்டி ரன், அதற்கு மேல் சில ஓவர் வெளியே, கடைசி நிலையில் ஆட்டம் முழுக்க வெளியே. 5 ரன் என்பது பெரிய அபராதம் இல்லை, ஆனால் அந்த 5 ரன் ஸ்கோர் நோட்டில் ஏறும்போது கேப்டனே தன் ஆளை அடக்குவார். புகார்களை விசாரிக்கச் சம்பந்தப்படாத அணிகளிலிருந்து மூன்று பேர், 48 மணி நேரத்துக்குள் எழுத்தில் தீர்ப்பு. போன சீசனில் நான் ஆடும் அணியின் கேப்டனுக்கே இரண்டு ஆட்டம் தடை விழுந்தது. நான் அந்த அறைக்குள் போகவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. அவர் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை, அப்புறம் பேசினார்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு கடைசியாக வந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் அம்பயர்கள் மைதானத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள்: பந்து சீராக எழும்பியதா, கோடுகள் தெளிவா, அவுட்ஃபீல்டில் ஆபத்து உண்டா, பவுண்டரிக் கயிறு வேலியிலிருந்து போதுமான தூரம் தள்ளி இருந்ததா. சர்வதேச விதியில் அது குறைந்தது 2.74 மீட்டர், நாங்களும் அதையே வைத்துக்கொண்டோம். சீசன் முடிவில் நல்ல மதிப்பெண் எடுத்த மைதானத்தைப் பராமரிக்கும் அணிகளுக்கு இரண்டு புள்ளி. பிட்ச்சைத் தயார் செய்வது இப்போது வெற்றியைப்போலவே பட்டியலில் ஏறுகிறது. அதற்கு முன்பு ரோலர் இழுக்க ஆள் தேடி அலைவோம், இப்போது அதற்கு முறை வைத்திருக்கிறார்கள்.

மழைதான் இன்னும் தீரவில்லை. மழையால் ஓவர் குறையும்போது இலக்கைத் திருத்தும் டக்வொர்த் லூயிஸ் ஸ்டெர்ன் முறையை எங்கள் ஸ்கோரர்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். 1992 உலகக் கோப்பை அரையிறுதியில் 13 பந்தில் 22 ரன் தேவைப்பட்ட தென்னாப்பிரிக்காவை மழை முடிந்ததும் ஒரே பந்தில் கிட்டத்தட்ட அதே ரன் அடிக்கச் சொன்னதைப் பார்த்தவர்களுக்கு அதன் அவசியம் புரியும். ஆனால் பிட்ச்சை மூடத் தார்ப்பாய் இரண்டு மைதானத்துக்குத்தான் இருக்கிறது. மற்ற இரண்டில் ஆடும் அணிகள் மழை நாளில் புள்ளியைப் பங்கு போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகின்றன. அது சமமில்லை என்று எனக்குத் தெரியும். இந்த வருடக் கட்டணத்தில் மீந்த பணத்தில் கோப்பையைச் சின்னதாக்கிவிட்டு மூன்றாவது தார்ப்பாய் வாங்கலாம் என்று கூட்டத்தில் கேட்கப் போகிறேன். நான்காவதுக்கு அடுத்த வருடம் ஆகும்.

வியாழக்கிழமை சாயங்காலம் பிட்ச்சுக்குத் தண்ணீர் விடுவது என் முறை.